தழும்பு ஆறினால் போதுமா? பட்டாசு, தீப்பெட்டி தொழிலாளர்களின் கை, கழுத்து, இடுப்பை காப்பாற்றும் பிசியோதெரபி

சாத்தூர்,

சாத்தூர், சிவகாசி, வெம்பக்கோட்டை பகுதியில் பட்டாசு ஆலையில் வெடிவிபத்து என்றால் அடுத்த நிமிடமே தகவல் ஊர் முழுக்க பரவி விடுகிறது. எத்தனை பேர் பலி, எத்தனை பேர் படுகாயம் என்று எல்லோரும் பதறுகிறார்கள். நிவாரணம் அறிவிக்கப்படுகிறது. ஒரு வாரத்தில் பேச்சு அடங்கி விடுகிறது.

ஆனால் படுகாயத்தோடு பிழைத்து வந்தவரின் போராட்டம் அப்போதுதான் தொடங்குகிறது. புண் ஆறி விடும். ஆனால் விரல் மடங்காது. கழுத்து நிமிராது. கை தோளுக்கு மேலே எழும்பாது. சோற்றை பிசைந்து சாப்பிட முடியாமல், சட்டை பட்டன் போட முடியாமல் அடுத்தவர் கையை எதிர்பார்த்து வாழும் நிலை வந்து விடுகிறது.

2012-ம் ஆண்டு செப்டம்பர் 5-ந்தேதி சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் குறைந்தது 38 பேர் பலியானார்கள். 2021-ம் ஆண்டு பிப்ரவரி 12-ந்தேதி சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் நடந்த விபத்தில் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இரண்டு விபத்திலும் ஏராளமானோர் தீக்காயத்துடன் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டனர். இதுபோன்ற விபத்தில் தப்பித்தவருக்கு உயிரை காப்பாற்றுவது டாக்டர் என்றால், கையை காப்பாற்றுவது பிசியோதெரபி.

இது ஒருபுறம் இருக்க, விபத்தே நடக்காத ஆலையிலும் தினம் தினம் ஒரு காயம் நடந்து கொண்டுதான் இருக்கிறது. அதற்கு சத்தமும் கிடையாது, புகையும் கிடையாது. காலையில் உட்கார்ந்தால் மாலை வரை தலை குனிந்து சரவெடி பின்னுபவர், பேப்பர் குழாய் உருட்டுபவர், சக்கரம் சுற்றுபவர், தீப்பெட்டியில் குச்சி அடைப்பவர் என்று யாரை கேட்டாலும் கழுத்து வலி, இடுப்பு வலி, கை மரத்துப்போகுது என்கிறார்கள். "வயசாகிருச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி தைலத்தை தேய்த்துக்கொண்டு படுத்து விடுகிறார்கள்.

அது வயசு இல்லை. வேலை செய்த வினை. சரி செய்யவும் வழி இருக்கிறது.

டாக்டர் கேட்க வேண்டிய ஒரு கேள்வி

வேலைக்கும் வலிக்கும் உள்ள தொடர்பு இன்று நேற்று கண்டுபிடித்தது அல்ல. இத்தாலி நாட்டு டாக்டர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி 1700-ம் ஆண்டிலேயே தொழிலாளர்களின் நோய்கள் பற்றி தனி புத்தகம் எழுதினார். நோயாளியிடம் டாக்டர் கேட்க வேண்டிய கேள்விகளில் "நீ என்ன வேலை செய்கிறாய்?" என்பதையும் சேர்க்க வேண்டும் என்று அவர்தான் வலியுறுத்தினார். உட்கார்ந்தே வேலை செய்பவர்கள், ஒரே அசைவை நாள் முழுக்க திரும்பத் திரும்ப செய்பவர்கள் உடம்பு எப்படி கெடுகிறது என்றும் அதில் எழுதினார்.

எனவே ஆஸ்பத்திரிக்கு போகிறவர்கள் "இடுப்பு வலிக்குது" என்று மட்டும் சொல்லி ஊசி போட்டு வந்து விடக்கூடாது. என்ன வேலை, எப்படி உட்காருகிறோம், எத்தனை மணி நேரம், எந்த கை அதிகம் ஓடுகிறது என்பதை சேர்த்து சொல்ல வேண்டும். பாதி வைத்தியம் அதில்தான் இருக்கிறது.

உடம்புக்குள் என்ன இருக்கிறது?

வளர்ந்த மனிதனுக்கு 206 எலும்புகள். அதை ஆட்டி வைக்க 600-க்கும் மேற்பட்ட தசைகள். தசையை எலும்போடு கட்டி இழுக்கும் கயிறுக்கு தசைநாண் என்று பெயர். எலும்பையும் எலும்பையும் விலகாமல் கட்டி வைத்திருக்கும் பட்டைக்கு தசைநார் என்று பெயர். மூட்டுக்குள் எலும்பு உரசாமல் இருக்க வழுவழுப்பான குருத்தெலும்பு பூச்சு உண்டு. நம்ம ஊரில் 'ஜவ்வு' என்று சொல்லும்போது இதில் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

இதில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. தசைக்கு ரத்த ஓட்டம் அதிகம். அதனால் தசையில் பிடிப்பு வந்தால் சில நாளிலோ சில வாரத்திலோ சரியாகி விடும். தசைநாணுக்கும் தசைநாருக்கும் ரத்த ஓட்டம் குறைவு. அதனால் ஆற மாதக்கணக்கில் ஆகலாம். வளர்ந்தவர்களின் மூட்டு குருத்தெலும்புக்கு நேரடி ரத்த ஓட்டமே கிடையாது. மூட்டை ஆட்டும்போது உள்ளே இருக்கும் திரவம் ஊறிப் போய்த்தான் அதற்கு சத்து கிடைக்கிறது. முதுகெலும்பின் நடுவே உள்ள டிஸ்க்குக்கும் ஏறக்குறைய அதே கதைதான்.

அதாவது, அசைவுதான் மூட்டுக்கு சாப்பாடு. அசையாத மூட்டு பட்டினி கிடக்கிறது. ஒரே மாதிரி ஓயாமல் அசையும் மூட்டு தேய்கிறது. பிசியோதெரபி முழுவதும் இந்த இரண்டு வரிக்குள் அடக்கம்.

கழுத்து: தலை 5 கிலோ, சுமை 27 கிலோ

நம் தலை ஏறக்குறைய 5 கிலோ எடை. நேராக வைத்திருக்கும்போது கழுத்துக்கு அது ஒரு சுமையே இல்லை. குனியக் குனியத்தான் பாரம் ஏறுகிறது. அமெரிக்காவின் நியூயார்க்கை சேர்ந்த முதுகெலும்பு டாக்டர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014-ம் ஆண்டு இதை கணக்கு போட்டு காட்டினார். 15 டிகிரி குனிந்தால் கழுத்தில் ஏறும் சுமை சுமார் 12 கிலோ. 30 டிகிரிக்கு 18 கிலோ. 60 டிகிரி குனிந்தால் சுமார் 27 கிலோ.

அவர் இதை சொன்னது செல்போன் பார்ப்பவர்களுக்காக. தரையில் உட்கார்ந்து மடியில் வைத்து திரியை பின்னும் பெண்ணின் கழுத்தும் கிட்டத்தட்ட அந்த கோணத்தில்தான் இருக்கிறது. அவருக்கு அது 10 நிமிடம் அல்ல, ஷிப்ட் முழுக்க.

முதலில் பிடரியிலும் தோள் மேட்டிலும் கல்லு மாதிரி இறுகும். பிறகு பின் மண்டையில் தலைவலி வரும். கவனிக்காமல் விட்டால் கழுத்து எலும்பிலிருந்து கைக்கு போகும் நரம்பு அழுத்தப்பட்டு, கை வரை குடைச்சல் இறங்கும்.

இதற்கு சுலபமான பயிற்சி ஒன்று உண்டு. நேராக உட்கார்ந்து, தலையை குனியாமல், தாடையை மட்டும் உள்ளே இழுக்க வேண்டும். 5 எண்ணும் வரை பிடித்து விட வேண்டும். இப்படி 10 தடவை. அடுத்து இரண்டு தோள்பட்டை எலும்பையும் பின்பக்கம் ஒன்றோடு ஒன்று நெருக்கி 5 எண்ணி விட வேண்டும். இதற்கு இடமும் வேண்டாம், காசும் வேண்டாம்.

இடுப்பு: டிஸ்க் எப்படி பிதுங்குகிறது?

முதுகெலும்பு ஒரே எலும்பு அல்ல. கழுத்தில் 7, நெஞ்சு பகுதியில் 12, இடுப்பில் 5, அதற்கு கீழே ஒட்டிப்போனவை என்று அடுக்கி வைத்தது போல் இருக்கிறது. ஒவ்வொரு எலும்புக்கும் நடுவே டிஸ்க் என்ற மெத்தை. வெளியே டயர் மாதிரி கெட்டி, உள்ளே கூழ். படுத்திருக்கும்போது டிஸ்க்கில் அழுத்தம் மிகக் குறைவு. முன்பக்கம் வளைந்து உட்காரும்போதும், குனிந்து பாரம் தூக்கும்போதும் அழுத்தம் பல மடங்கு ஏறுகிறது.

வருடக்கணக்கில் இப்படி முன்பக்கமே நசுங்கினால் டிஸ்க் பின்பக்கம் பிதுங்கி நரம்பை தொடும். இடுப்பில் தொடங்கி, பிட்டம், தொடை, கெண்டைக்கால் வழியாக பாதம் வரை மின்சாரம் பாய்ந்த மாதிரி வலி போவது இதனால்தான். பெரும்பாலும் இடுப்பு எலும்பின் கடைசி இரண்டு டிஸ்க்கில்தான் இது வருகிறது.

"டிஸ்க் விலகிருச்சு, ஆபரேஷன்தான்" என்று பயப்படத் தேவையில்லை. பெரும்பாலானவர்களுக்கு ஆபரேஷன் இல்லாமலேயே சில வாரங்களில் குறைகிறது. முன்பெல்லாம் மாதக்கணக்கில் படுக்கச் சொன்னார்கள். இன்று அந்த வைத்தியம் இல்லை. வலி கடுமையாக இருக்கும் ஓரிரு நாள் ஓய்வு போதும். அதற்கு மேல் படுத்தால் முதுகு தசை வலுவிழந்து வலி நிரந்தரமாகி விடும். மெதுவாக நடக்க வேண்டும். அதுவே மருந்து.

உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கள் இடையிடையே எழுந்து, இரண்டு கையையும் இடுப்பில் வைத்து, மெதுவாக பின்பக்கம் 5 தடவை வளைய வேண்டும். அப்படி செய்யும்போது காலுக்கு வலி இறங்கினால் உடனே நிறுத்தி விட்டு பிசியோதெரபிஸ்டிடம் காட்ட வேண்டும்.

மூட்டை தூக்கும்போது இடுப்பை வளைக்காமல் முட்டியை மடக்கி, பாரத்தை நெஞ்சோடு அணைத்து எழ வேண்டும். பாரத்தை கையில் வைத்துக்கொண்டே உடம்பை திருகவே கூடாது.

தோள்: கை மேலே போகவில்லையா? சுகரை பாருங்கள்

உடம்பிலேயே அதிகம் சுழலும் மூட்டு தோள்தான். 4 சிறு தசைகள் சேர்ந்துதான் அதை இடத்தில் பிடித்து வைத்திருக்கின்றன. கையை தூக்கித் தூக்கி வேலை செய்தால் அந்த தசைநாண்கள் உரசி புண்ணாகும்.

இன்னொரு வகை, தோள் தானாகவே இறுகிப் போவது. முதலில் ராத்திரியில் வலி, பிறகு கை பின்பக்கம் போகாது, ஜாக்கெட் கொக்கி மாட்ட முடியாது, தலை வார முடியாது. 40 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கும், சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் இது அதிகம் வருகிறது. தோள் இறுகிப்போய் வருகிறவர்களில் சிலருக்கு அப்போதுதான் சுகர் இருப்பதே தெரிய வருகிறது. எனவே ரத்தப் பரிசோதனை அவசியம்.

இதற்கு குனிந்து நின்று கையை கடிகார ஊசல் போல ஆட்டும் பயிற்சி, சுவரில் விரலால் படிப்படியாக மேலே ஏறும் பயிற்சி ஆகியவை கொடுக்கப்படுகின்றன. குணமாக மாதக்கணக்கில், சிலருக்கு ஒன்றிரண்டு வருடம் கூட ஆகலாம். நான்கு நாள் செய்துவிட்டு "பலிக்கல" என்று விட்டு விடுவதுதான் தவறு.

கை: ராத்திரி உதறினால் கவனம்

ஒரு காலத்தில் பேனா நிப்புக்கும் பேர் வாங்கிய ஊர் சாத்தூர். நிப்பு போனாலும் கைவேலை போகவில்லை. தீப்பெட்டியும் பட்டாசும் கையை நம்பித்தான் ஓடுகின்றன. ஒரு கையில் மட்டும் 27 எலும்புகள் இருக்கின்றன.

மணிக்கட்டில் ஒரு சின்ன சந்து இருக்கிறது. அதன் வழியாக விரலை மடக்கும் 9 தசைநாண்களும் ஒரு நரம்பும் நெருக்கியடித்து போகின்றன. ஓயாத வேலையால் தசைநாண்கள் வீங்கினால் நடுவில் மாட்டிய நரம்பு நசுங்கும். கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல், மோதிர விரலில் பாதி என்று மரத்துப்போகும். சுண்டு விரல் மட்டும் நன்றாக இருக்கும். ராத்திரி தூக்கத்தில் எழுந்து கையை உதறினால் கொஞ்சம் தேவலாம் போல இருக்கும். கையில் இருந்த பொருள் தானாக நழுவும். இதுதான் 'கார்ப்பல் டனல்' என்ற பிரச்சினை.

ஆரம்பத்திலேயே வந்தால் ராத்திரியில் மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டை போட்டு, பயிற்சி செய்து குறைக்கலாம். கட்டை விரலுக்கு கீழே உள்ள சதை மேடு வற்றிப் போகும் வரை விட்டு விட்டால் ஆபரேஷன் செய்தாலும் முழுசாக திரும்பாமல் போகலாம்.

கட்டை விரல் பக்கம் மணிக்கட்டு வலி வேறு வகை. சுவிட்சர்லாந்து டாக்டர் டி கெர்வைன் 1895-ம் ஆண்டு சொன்ன நோய் என்பதால் அவர் பெயரே அதற்கு வைக்கப்பட்டது. கட்டை விரலை உள்ளே வைத்து கையை மூடி, சுண்டு விரல் பக்கமாக மணிக்கட்டை சாய்த்தால் சுள்ளென்று வலிக்கும். குழாய் உருட்டுவது, முறுக்குவது, கைக்குழந்தையை அடிக்கடி தூக்குவது எல்லாம் இதற்கு காரணம் ஆகலாம். கட்டை விரலுக்கு பட்டை போட்டு ஓய்வு கொடுப்பதுதான் முதல் சிகிச்சை.

முட்டி: 1 கிலோ குறைந்தால் 4 கிலோ மிச்சம்

சம்மணம் போட்டு எழுவது, குத்த வைத்து உட்காருவது இரண்டும் முட்டிக்கு பாரம். எழும்போது கட்டுக்கு மேல் கை ஊன்றி எழ வேண்டியிருக்கிறது என்றால் தொடை தசை பலம் குறைந்து விட்டது என்று அர்த்தம். தேய்மானத்தை விட தசை பலவீனம்தான் பலருக்கு வலியை கூட்டுகிறது.

காலை நீட்டி உட்கார்ந்து, முட்டிக்கு கீழே துண்டை சுருட்டி வைத்து, அதை முட்டியால் அழுத்தி 5 எண்ணி விட வேண்டும். காலைக்கு 10, மாலைக்கு 10. உடம்பு எடையில் 1 கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடி நடக்கும்போதும் முட்டியில் சுமார் 4 கிலோ பாரம் குறைகிறது என்பது ஆய்வில் தெரிய வந்த கணக்கு.

பிசியோதெரபி என்றால் மசாஜ் இல்லை

பிசியோதெரபியை 'கரண்ட் வைக்கிறது', 'நீவி விடுறது' என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வலியை குறைக்க ஒத்தடம், அலை சிகிச்சை, மின் தூண்டல் எல்லாம் உண்டுதான். ஆனால் அது முன்னுரை மட்டும்தான். உண்மையான சிகிச்சை, எந்த தசை இறுகியிருக்கிறது, எது வலுவிழந்து போயிருக்கிறது என்று கண்டுபிடித்து, இறுகியதை நீட்டி, வலுவிழந்ததை பலப்படுத்தும் பயிற்சி. அதை வீட்டில் நோயாளிதான் செய்ய வேண்டும். மிஷினில் படுத்து எழுந்தால் மட்டும் குணமாகாது.

பிசியோதெரபிஸ்ட் என்பவர் பி.பி.டி. பட்டம் படித்தவர். வலியோடு போகிறவர்கள் இதை கேட்டு தெரிந்து கொள்வதில் தவறு இல்லை. தினமும் வலி மாத்திரையும் ஊசியும் போட்டுக்கொண்டு வேலைக்கு போவது வயிற்றில் புண்ணையும், கிட்னி பாதிப்பையும் கொண்டு வரும். வலியை மறைத்து விட்டு அதே வேலையை செய்தால் காயம் இன்னும் ஆழமாகும்.

சுளுக்கு என்று நினைத்து எலும்பு முறிவை நீவி விடுவதும் ஆபத்து. முறிந்த கையில் இறுக்கிக் கட்டு போட்டால் ரத்த ஓட்டம் நின்று, தசை செத்து, கை கழுகு நகம் போல நிரந்தரமாக வளைந்து விடும். ஜெர்மன் டாக்டர் வோல்க்மன் 1881-ம் ஆண்டிலேயே இதை விளக்கினார். கட்டு போட்ட பிறகு விரல் நீலமாவது, சில்லிடுவது, மரத்துப்போவது, வலி தாங்க முடியாமல் கூடுவது இதில் எது வந்தாலும் கட்டை உடனே தளர்த்தி ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

தீக்காயம்: சுகமாக வைத்தால் சுருங்கி விடும்

இப்போது வெடிவிபத்தில் பிழைத்தவரின் விஷயத்துக்கு வருவோம்.

ஆழமான தீக்காயம் ஆறும்போது உடம்பு அந்த இடத்தை புது தோலால் மூடுவதில்லை. தழும்பால் மூடுகிறது. தழும்புக்கு ஒரு குணம் உண்டு, அது சுருங்கும். புண் மூடிய பிறகும் மாதக்கணக்கில் சுருங்கிக்கொண்டே இருக்கும். அது அடங்க 6 மாதம் முதல் 2 வருடம் வரை ஆகும். மூட்டின் மேல் தழும்பு இருந்தால் மூட்டையும் சேர்த்து இழுத்து மடக்கி விடும். தாடை நெஞ்சோடு ஒட்டுவது, அக்குள் ஒட்டி கை தூக்க முடியாமல் போவது, விரல்கள் சேர்ந்து விடுவது எல்லாம் இப்படித்தான் நடக்கிறது.

எரிச்சலும் வலியும் இருப்பதால் காயம்பட்டவர் கையை மடக்கி நெஞ்சோடு வைத்துக்கொள்வார். தலைக்கு தலையணை கேட்பார். பார்த்துக்கொள்ளும் உறவினரும் பாவப்பட்டு "ஆட்டாத, அப்படியே வச்சுக்கோ" என்பார்கள். அந்த பாசம்தான் கையை முடக்குகிறது. காயம்பட்டவருக்கு எது சுகமான நிலையோ, அதுதான் சுருங்கிப்போகும் நிலை. தீக்காய வார்டில் பிசியோதெரபிஸ்ட் முதலில் சொல்லிக்கொடுக்கும் பாடம் இது.

எனவே எந்த இடத்தில் காயமோ, அதற்கு எதிர்ப்பக்கம் நீட்டி வைக்க வேண்டும்.

கழுத்தின் முன்பக்கம் வெந்திருந்தால் தலையணை வைக்கக்கூடாது. கழுத்து சற்று பின்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும்.

அக்குள் என்றால் கையை உடம்பிலிருந்து பக்கவாட்டில் விரித்து வைக்க வேண்டும்.

முழங்கை மடிப்பு, முட்டியின் பின்பக்கம் என்றால் மூட்டு நேராக இருக்க வேண்டும்.

கணுக்கால் என்றால் பாதம் தொங்காமல் நேர்கோணத்தில் நிற்க வேண்டும்.

புறங்கை என்றால் மணிக்கட்டு லேசாக பின்பக்கம் சாய்ந்து, விரல்கள் அடிமூட்டில் மடங்கி, மற்ற மூட்டுகள் நேராக இருக்கும்படி பட்டை போடப்படும். ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனியாக கட்டு போட வேண்டும். சேர்த்துக் கட்டினால் விரல்கள் ஒட்டிப் போகும்.

பயிற்சியை ஆஸ்பத்திரியில் சேர்ந்த முதல் சில நாளிலேயே டாக்டர் அனுமதியோடு ஆரம்பிக்கிறார்கள். தோல் ஒட்டு ஆபரேஷன் செய்தால் மட்டும் ஒட்டிய தோல் பிடிக்கும் வரை சில நாள் அசைவு நிறுத்தப்படும். புண் ஆறிய பிறகு தழும்பை தினமும் பல தடவை மெதுவாக இழுத்து நீட்ட வேண்டும். வெடுக்கென்று இழுக்கக்கூடாது. தழும்பு வெளுக்கும் அளவுக்கு நீட்டி, அப்படியே பிடித்திருக்க வேண்டும். தழும்பு தடிக்காமல் இருக்க உடம்போடு இறுகப் பிடிக்கும் அழுத்த உடை கொடுக்கப்படும். குளிக்கும் நேரம் தவிர நாள் முழுக்க போட வேண்டியிருக்கும். வெயில் காலத்தில் நம்ம ஊரில் இது பெரிய கஷ்டம்தான். ஆனால் கழற்றிப் போட்டால் தழும்பு கயிறு மாதிரி திரண்டு விடும்.

குழந்தைகளுக்கு கூடுதல் கவனம் வேண்டும். குழந்தை வளரும், தழும்பு கூட வளராது. அதனால் பல வருடம் டாக்டர் கண்காணிப்பில் இருக்க வேண்டும்.

ஏற்கனவே மூட்டு ஒட்டிப் போனவர்களுக்கும் வழி அடைபடவில்லை. பிளாஸ்டிக் சர்ஜரி மூலம் தழும்பை விடுவிக்க முடியும். ஆனால் அதற்கு பிறகும் பயிற்சி செய்யாவிட்டால் மறுபடி சுருங்கி விடும்.

கத்தி மட்டும் கையை கொடுத்து விடாது என்பதற்கு தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. 1914-ம் ஆண்டு கொல்லிமலையில் பிறந்தவர் டாக்டர் பால் பிராண்ட். வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் 1940-களின் கடைசியில் தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை ஆபரேஷன் மூலம் விரிய வைத்து உலகத்துக்கே வழி காட்டினார். வேறு வேலை செய்த தசைநாணை எடுத்து விரலுக்கு மாற்றி வைப்பது அந்த ஆபரேஷன். இடம் மாறிய தசைக்கு புது வேலையை கற்றுக்கொடுக்க நோயாளி வாரக்கணக்கில் பயிற்சி செய்தால்தான் விரல் சொன்னபடி கேட்கும். தீக்காய கைக்கும் அதே நியாயம்தான்.

முதல் 20 நிமிடம்

தீக்காயம் பட்டவுடன் 20 நிமிடம் ஓடும் சாதாரண குழாய் தண்ணீரில் காட்ட வேண்டும். ஐஸ் கட்டி, பேஸ்ட், இங்க், மாவு எதுவும் போடக்கூடாது. மோதிரம், வளையல், கைக்கடிகாரத்தை வீங்குவதற்கு முன் கழற்ற வேண்டும். உடலில் பெரும்பகுதி வெந்திருந்தால் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தால் உடம்பு சில்லிட்டு விடும். சுத்தமான துணியால் போர்த்தி 108-ஐ அழைக்க வேண்டும். ஆரம்பத்தில் காயத்தின் ஆழம் எவ்வளவு குறைகிறதோ, பிறகு தழும்பும் அவ்வளவு குறையும்.

எங்கே போகலாம்?

சிவகாசி அரசு ஆஸ்பத்திரியில் தீக்காய சிகிச்சை பிரிவு உள்ளது. விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி 2022-ம் ஆண்டு ஜனவரி 12-ந்தேதி திறக்கப்பட்டது. மேல்சிகிச்சைக்கு மதுரை அரசு ராஜாஜி ஆஸ்பத்திரி இருக்கிறது. இ.எஸ்.ஐ. கார்டு உள்ள தொழிலாளர்கள் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் சிகிச்சை பெறலாம். 2021-ம் ஆண்டு ஆகஸ்ட் 5-ந்தேதி தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், நடமாட முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுப்பதும் சேர்க்கப்பட்டது. விவரத்துக்கு அந்தந்த பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகலாம்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது "பிசியோதெரபிக்கு எப்போ, எங்கே வரணும்?" என்று கேட்காமல் வீட்டுக்கு கிளம்பக்கூடாது. பஸ் செலவுக்கும் ஒரு நாள் கூலிக்கும் பார்த்து இந்த போக்குவரத்தை நிறுத்துபவர்கள்தான் பிறகு வாழ்நாள் கூலியையும் இழக்கிறார்கள். தினமும் போக முடியாவிட்டால், பயிற்சியை வீட்டில் செய்யும் விதத்தை உடன் இருப்பவர் ஒருவர் நேரில் பார்த்து கற்றுக்கொண்டு வர வேண்டும்.

வேலை இடத்தில் என்ன செய்யலாம்?

எண்ணிக்கைக்குத்தான் கூலி என்பதால் எழுந்திருக்கவே மனசு வராது என்பது உண்மைதான். ஆனால் அரை மணிக்கு ஒரு தடவை ஒரு நிமிடம் எழுந்து நின்றால் 8 மணி நேரத்தில் போவது 16 நிமிடம்தான். இடுப்பு பிடித்து ஒரு வாரம் வீட்டில் கிடந்தால் போவது எவ்வளவு என்று கணக்கு போட்டு பார்க்கலாம்.

வெடிமருந்து இல்லாத வேலைகளில், அதாவது பெட்டி ஒட்டுவது, லேபிள் ஒட்டுவது, பேக்கிங் ஆகியவற்றுக்கு மேஜையும், முதுகு சாயும் இருக்கையும் இருந்தால் பாதி வலி வராது. தரையில்தான் உட்கார வேண்டும் என்றால் இடுப்புக்கு கீழே கெட்டியான மணை போட்டு சற்று உயரமாக உட்காரலாம். செய்யும் பொருளை மடியில் வைக்காமல் சிறு பலகை மேல் உயர்த்தி வைத்தால் கழுத்து குனிவது குறையும். ஒரே காலை மடக்காமல் மாற்றி மாற்றி மடக்கலாம்.

ஆனால் மருந்து கலக்கும் அறை, மருந்து செலுத்தும் அறையில் சொந்தமாக எந்த மாற்றமும் செய்யக்கூடாது. இரும்பு ஸ்டூலை இழுத்தால் வரும் ஒரு பொறி போதும். அங்கே எதுவாக இருந்தாலும் போர்மேனிடம் சொல்லித்தான் செய்ய வேண்டும்.

உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய அறிகுறிகள்

இடுப்பு வலியோடு சிறுநீர் போகாமல் அடைப்பது அல்லது கட்டுப்பாடு இல்லாமல் போவது, இரண்டு தொடை நடுவே மரத்துப்போவது, பாதத்தை தூக்க முடியாமல் போவது.

கழுத்து வலியோடு நடை தடுமாறுவது.

வலியோடு காய்ச்சல், காரணம் இல்லாமல் எடை குறைவது, படுத்தாலும் குறையாத ராத்திரி வலி.

கீழே விழுந்த பிறகு மூட்டு உருவம் மாறுவது, பாரம் ஊன்ற முடியாமல் போவது.

இடது தோள், கை வலியோடு நெஞ்சில் இறுக்கமும் வியர்வையும். இது தசை வலி அல்ல, மாரடைப்பாக இருக்கலாம்.

இவற்றில் எது வந்தாலும் தைலம், ஒத்தடம், பயிற்சி என்று வீட்டில் காத்திருக்கக்கூடாது. மற்ற வலிகள் இரண்டு, மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, வேலையை பாதித்தாலோ டாக்டரிடம் காட்டி பிசியோதெரபியை தொடங்கி விட வேண்டும். எவ்வளவு சீக்கிரம் போகிறோமோ, அவ்வளவு சீக்கிரம் கை பழைய வேலைக்கு திரும்பும்.